மரண உதவிச் சங்கத்தில் கேட்ட கடன்

என் தம்பி வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து பல நாள் படகில் கடலுக்குப் போனவன். வலை இழுத்த தோள்வலிக்கு யாரோ ஒருவன் டிரமடோல் குளிசை கொடுத்திருக்கிறான். ஒரு வருடத்துக்குள் அது தூளில் வந்து நின்றது. களுவாஞ்சிகுடிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் ஹெரோயினுக்குத் தூள் என்றுதான் பெயர். அம்மாவின் காப்பு அடகுக்குப் போன பிறகே எனக்கு விஷயம் தெரிந்தது.

ஆறு மாதம் மறைத்தோம். 2 கிராமோ அதற்கு மேலோ ஹெரோயினுடன் பிடிபட்டால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்பது சட்டம். வைத்தியரிடம் வாய் திறந்தாலே பொலிஸ் வீட்டுக்கு வந்துவிடும் என்று அம்மா நம்பினார். தங்கைக்குச் சம்பந்தம் வேறு பேசிக்கொண்டிருந்தோம்.

அதனால் அவனை நாங்களே அறையில் வைத்துப் பூட்டினோம். எட்டுப் பத்து மணித்தியாலத்தில் கொட்டாவியும் மூக்கு வடிதலும் தொடங்கின. பிறகு வியர்வை, வாந்தி, வயிற்றோட்டம், காலைப் பிசைந்தெடுக்கும் வலி. "அக்கா, கதவைத் திற அக்கா" என்று விடியும்வரை அழுதான். மூன்றாம் இரவு அம்மா திறந்துவிட்டார். இரண்டாம், மூன்றாம் நாட்கள்தான் உச்சம், ஒரு வாரமளவில் தணிந்துவிடும், மருந்து கொடுத்தால் வேதனையைப் பெரிதும் குறைக்கலாம் என்று பின்னால் வைத்தியர் விளக்கினார். உடம்பில் நீர் வற்றினால் உயிருக்கே ஆபத்தாம். அந்தக் கதவைப் பூட்டிய கை என்னுடையது. இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

அடுத்த ஒழுங்கையில் ஒரு பையன் இறந்தபோது மாரடைப்பு என்றார்கள். இருபத்திரண்டு வயது. எங்கள் மரண உதவிச் சங்கம் வழக்கம்போலப் பெட்டிக்கும் பந்தலுக்கும் பணம் கொடுத்தது. அடுத்த மாதக் கூட்டத்தில் நான் எழுந்து, "என் தம்பியும் தூள் பாவிக்கிறான். அவன் செத்தால் தரப்போகிற பணத்தில் கொஞ்சத்தை இப்போதே கடனாகத் தாருங்கள்" என்று கேட்டேன். சங்க யாப்பில் இதற்கு இடமில்லை என்றார் ஒருவர். பொலிஸில் ஒப்படையுங்கள் என்றார் இன்னொருவர். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "போன மாதம் நான் தூக்கிய பாடை எவ்வளவு இலேசாக இருந்தது தெரியுமா?" என்றார். 15,000 ரூபாய் தந்தார்கள்.

முதலில் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற ஆலோசனை எண்ணுக்கு எடுத்தேன். தானாக விரும்பிச் சிகிச்சைக்கு வருபவருக்கு ஒரு வழியும், நீதிமன்றம் அனுப்புபவருக்கு வேறொரு வழியும் 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அம்மாவுக்குப் பாதி உயிர் திரும்பியது. ஆனால் சபையின் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்கள் தலங்கம, நிட்டம்புவ, உணவட்டுன என்று எல்லாம் தூரத்தில். தம்பிக்குச் சிங்களம் கடைத்தெருவுக்குப் போதும். மனத்தைத் திறந்து பேசப் போதாது. கிழக்கில் தமிழில் பேசித் தங்க வைக்கும் இடம் வேண்டும் என்று நான் சொல்லாத கூட்டமில்லை. கடைசியில் பக்கத்து ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் சேர்த்தோம். ஒன்பது நாள் இருந்தான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஊரின் வேலை தொடங்கியது. பல நாள் படகுக்கு அவனை இனி ஏற்றுவதில்லை என்று மீனவர் சங்கம் முடிவெடுத்து, கரைவலையில் சேர்த்தது. கரைவலையில் இருபது பேர் கண்ணெதிரே நிற்க வேண்டும்; ஒருவன் காணாமல் போனால் உடனே தெரியும். அவன் பங்குப் பணத்தை வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியார் அம்மா கையில் கொடுத்தார். விளையாட்டுக் கழகப் பையன்கள் முறைவைத்து எங்கள் விறாந்தையில் படுத்தார்கள். பக்கத்து வீட்டு மாமி இரவில் ஒரு போத்தல் தேநீர் வைத்துவிட்டுப் போவார், ஒரு கேள்வியும் கேட்காமல்.

நிறுத்தியிருந்தவன் மறுபடி தொட்டால் பழைய அளவே கொன்றுவிடும், உடம்பு அந்தப் பழக்கத்தை இழந்திருக்கும் என்று தாதி அந்தப் பையன்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். இரண்டாம் மாதம் அதுதான் நடந்தது. கிணற்றடியில் கிடந்தான். உதடு நீலம், கண்மணி ஊசிமுனையளவு, மூச்சு எப்போதாவது ஒன்று. ஒருவன் அவனைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்தான், இன்னொருவன் ஓட்டோ கொண்டுவந்தான். என்ன பாவித்தான் என்று வைத்தியசாலை வாசலிலேயே மறைக்காமல் சொன்னார்கள். தூளின் வேகத்தை முறிக்கும் நலொக்ஸோன் ஊசி போட்டதும் மூச்சு சீரானது. அந்த மருந்தின் வேகம் தூளுக்கு முன்பே குறைந்துவிடலாம் என்று இரவு முழுவதும் விடாமல் கவனித்தார்கள்.

விடிந்ததும் அவன் முதலில் கேட்டது, "சங்கத்துக்காரர் இனி என்னைச் சேர்ப்பார்களா அக்கா?" என்பதுதான். சம்மாட்டியார் வெளியே வாங்கில் இருந்தார். "நாளைக்கல்ல, மறுநாள் வலை வளைக்கிறோம், வா தம்பி" என்றார்.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. கடனை மாதம் 1,000 ரூபாயாகக் கட்டுகிறான். வியாழக்கிழமை கிளினிக். கூடப் போவது இந்த முறை நான்.