ஆம்னிக்குள் ஒரு பிளேஸ்டேஷன்

27 ஏப்ரல் 2025, ஞாயிறு

பையனுக்குப் பரீட்சை முடிந்து லீவு விட்டாகிவிட்டது. இனி ஒரு மாதம், திங்கள் ராத்திரி என்னோடு அவனும் ஈரோட்டுக்கு வருவான். அவன் அம்மாவுக்கு மில்லில் நைட் ஷிஃப்ட், வீட்டில் தனியாக விட முடியாது. ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் முழுக்க நடக்கும். கடை கடையாக ஏறி இறங்கிக் குழந்தைகள் துணி எடுத்து முடிக்க எனக்கு விடிந்துவிடும். அதுவரை என் மாருதி ஆம்னி வேனில் மூட்டைகளுக்குக் காவலாக என் அக்கா மகன் இருப்பான், கூடவே இவனும். போன வருஷம் அத்தனை நேரமும் அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் போனைக் கொடுக்கவும் வழியில்லை, பணம் அனுப்புவதும் பில் வாங்குவதும் அதில்தான்.

இன்று பரணைச் சுத்தம் செய்தபோது பழைய பிளேஸ்டேஷன் 2 கிடைத்தது, டிவியில் மாட்டி விளையாடும் கேம் கன்சோல். 2009-ல் நானும் தம்பியும் பாதிப் பாதி பணம் போட்டு வாங்கிய ஸ்லிம் மாடல். டிவியில் மாட்டினேன், ஓடியது. அந்த நீலத் திரை வந்ததும் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான். இதை வண்டியில் வைத்தே தீருவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

29 ஏப்ரல், செவ்வாய்

ஈரோட்டிலிருந்து வந்ததும் தூங்கவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் புகுந்துவிட்டேன்.

கன்சோல் 23 சென்டிமீட்டர் அகலம், 15 ஆழம், உயரம் 3 கூட இல்லை. எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. எங்கே வேண்டுமானாலும் வைத்துவிடலாம் போலத்தான் தோன்றும். ஆனால் ஆம்னியில் என்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. இரண்டு சீட்டுக்கும் நடுவில் வைத்தால் சூடு கன்சோலைக் கொன்றுவிடும். முன் சீட்டின் முதுகில் பெட்டியாக அடிக்கலாம் என்றால், ஆயில் பார்க்கச் சீட்டைத் தூக்கும்போதெல்லாம் அதையும் கழற்ற வேண்டும். தரையில் புதிதாக ஓட்டை போடவும் எனக்கு மனசில்லை. ஒன்று துருப் பிடிக்கும், இன்னொன்று அடியில் பெட்ரோல் பைப் போகிறது.

கடைசியில் நடு சீட்டுக்கு அடியில் கை விட்டுப் பார்த்தேன். ஐந்து அங்குலம் இடம் சும்மா கிடக்கிறது. சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டிலேயே பட்டையைக் கோத்து ஒரு டிராயர் செய்துவிட்டால் போதும். டிஸ்க் மாற்ற இழுக்கலாம், மாற்றியதும் உள்ளே தள்ளிவிடலாம்.

1 மே, வியாழன்

பட்டறைகளுக்கெல்லாம் மே தின லீவு. வீட்டிலேயே கரண்ட் வேலையைப் பார்த்தோம். மாப்பிள்ளை, அதாவது அந்த அக்கா மகன், பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படிக்கிறான், பொறுமையாகச் சொல்லித் தந்தான்.

இந்த மாடலுக்கு அடாப்டர் வெளியே இருப்பது எங்கள் அதிர்ஷ்டம். அதற்குப் பின்னால் வந்த 90000 வரிசையில் பவர் சப்ளை உள்ளேயே போய்விட்டது, அதற்கு 230 வோல்ட் வேண்டும், வண்டியில் இன்வெர்ட்டர் வைத்தாக வேண்டும். நம்முடையதற்கு 8.5 வோல்ட் டிசி போதும். பேட்டரி தருவது 12, என்ஜின் ஓடும்போது 14-ஐயும் தாண்டும். அதை இறக்கிக் கொடுக்க ஒரு சின்ன கன்வெர்ட்டர் போர்டு.

முதலில் கையில் இருந்த எல்எம்2596 போர்டைப் போட்டோம். விளக்கு எரிந்தது, டிஸ்க் சுழல ஆரம்பித்ததும் அணைந்துவிட்டது. மூன்றாவது முறை போர்டைத் தொட்டால் விரல் சுட்டது. அது அதிகபட்சம் 3 ஆம்பியர்தான் தாங்கும். கன்சோலோடு வந்த அடாப்டர் ஐந்துக்கு மேல் தரக்கூடியது. டிஸ்க் மோட்டார் கிளம்பும் நொடியில் கேட்பதை இந்தச் சின்ன போர்டால் கொடுக்க முடியவில்லை. மாப்பிள்ளை மாலையில் நண்பனிடமிருந்து எக்ஸ்எல்4016 போர்டு வாங்கி வந்தான். அது 8 ஆம்பியர், முதுகில் சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட் சிங்க் வைத்தது.

கன்சோலைச் சேர்க்காமல், மீட்டரை வைத்து, போர்டில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் குட்டித் திருகைத் திருகித் திருகி 8.5-ல் நிறுத்தினோம். பழைய அடாப்டர் வயரை வெட்டி அதன் பின்னையே பயன்படுத்தினோம். பிளஸ் மைனஸை இரண்டு முறை சரிபார்த்தோம். கன்சோல் தயாரிப்பை 2013-லேயே நிறுத்திவிட்டார்கள். இது எரிந்தால் புதிதாக ஒன்று வாங்க முடியாது என்ற பயம் எனக்கு.

"மாமா, வண்டி ஆடுற ஆட்டத்துல இந்தத் திருகு தானா நகந்துரும்" என்றான் மாப்பிள்ளை. வீட்டுக்காரியின் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்தோம். கறுப்பு போர்டின் மேல் ரோஸ் கலரில் ஒரு பொட்டு மாதிரி காய்ந்து நிற்கிறது.

3 மே, சனி

12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட், கிச்சன் டிராயருக்குப் போடும் பத்து அங்குலச் சேனல் ஒரு ஜோடி, 25-க்கு 3 மில்லிமீட்டர் இரும்புப் பட்டை. லேத் பட்டறை அண்ணன் பட்டையை வளைத்து ஓட்டை போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, பையனை ஒரு நாள் கூட்டி வந்து காட்டு என்று மட்டும் சொன்னார்.

டிராயர் தட்டின் பின் பலகையில் வட்டமாக ஓட்டைகள் போட்டேன். கன்சோலின் விசிறி பின்பக்கம்தான் சூட்டைத் தள்ளுகிறது, அதை அடைத்துவிடக் கூடாது. அடியில் பழைய ஹவாய் செருப்பை வெட்டி நான்கு துண்டு ஒட்டினேன். ஆம்னியின் மூன்று சிலிண்டர் நடுக்கம் டிஸ்க்குக்குப் போகாமல் இருக்க இதைவிட நல்ல ரப்பர் எனக்குத் தெரியவில்லை.

கேம் தெரிவதற்கான 7 அங்குலத் திரைக்கு ரெக்சினில் உறை தைத்தேன். தையல் என் தொழில், அந்த வேலை மட்டும் அரை மணியில் முடிந்தது. முன் சீட்டின் முதுகில் பட்டை போட்டுக் கட்டிக்கொள்ளலாம். சீட்டைத் தூக்க வேண்டுமானால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு பின்களை உருவினால் போதும்.

4 மே, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று ஆரம்பம். காலை ஏழு மணிக்கே வண்டிக்குள் உட்கார முடியவில்லை.

தட்டை முன்பக்கம் இழுக்கும்படி மாட்டினோம். கன்சோலுக்குப் பதில் ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தைத் தட்டில் கட்டிக் காலி மைதானத்துக்கு ஓட்டிப் போனேன். முப்பதில் போய் பிரேக்கை அழுத்தினேன். தட்டைப் பிடித்திருந்த காந்தக் கொக்கி விட்டுவிட்டது. தட்டு சேனலோடு பாய்ந்து வந்து முன் சீட்டின் அடிக்கம்பியில் மோதி நின்றது. ஒரு நிமிஷம் கை நடுங்கியது. அங்கே என் பையனின் முழங்கால் இருந்திருக்கும்.

திரும்பி வந்து எல்லாவற்றையும் கழற்றினேன். பிரேக் அடித்தால் பொருள் முன்னால்தான் பாயும். டிராயரின் வாயும் முன்னால்தான் இருந்தது, பெரிய தாழ்ப்பாள் போட்டாலும் அந்த அடி முழுவதையும் தாழ்ப்பாள்தான் தாங்க வேண்டும். அதனால் தட்டை அப்படியே திருப்பி, இடது கதவுப் பக்கம் இழுக்கும்படி வைத்தேன். இப்போது பிரேக்கின் அடியைத் தாங்குவது முன் பலகையும் இரும்புப் பட்டையும். வளைவில் வெளியே வராமல் இருக்க டவர் போல்ட் ஒன்று. நட்டெல்லாம் நைலான் வளையம் வைத்தது.

மறுபடி அதே மைதானம், அதே அரிசி, பத்து முறை. நூல் அளவுகூட நகரவில்லை.

6 மே, செவ்வாய்

கன்சோலோடு சந்தையில் முதல் ராத்திரி.

வண்டி ஓடும்போது விளையாட்டு கிடையாது என்று முன்பே சொல்லிவிட்டேன். குழியில் விழும்போது டிஸ்க் சுழன்றுகொண்டிருந்தால் வட்டமாகக் கீறல் விழும், கார் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் இறங்கிக் கேமும் நின்றுபோகும். அவினாசி, பெருந்துறை தாண்டும்வரை பையன் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு வந்தான், ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

கன்சோலும் திரையும் சேர்ந்து 2.8 ஆம்பியர் இழுக்கின்றன. என் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. இரண்டு மணி நேரத்தில் ஆறுகூடப் போகாது, ஆனாலும் விடிகாலையில் வண்டி கிளம்பியாக வேண்டுமே. டிராயருக்கு மேல் சின்ன வோல்ட் மீட்டர் வைத்து, 12.2 வந்ததும் நிறுத்திவிட வேண்டும் என்று இருவரிடமும் சொல்லிவிட்டுப் போனேன்.

மூன்று மணிக்கு இரண்டு மூட்டையோடு திரும்பினால் வண்டிக்குள் இருட்டு. மாப்பிள்ளை வாசலில் உட்கார்ந்திருந்தான். பையன் தூங்கவில்லை.

"ஏன் கண்ணு, ஓடலியா?"

"12.2 வந்துருச்சுப்பா. நாந்தான் ஆஃப் பண்ணேன். அத்தான் இன்னும் ஒரு ரேஸ்னு சொன்னாங்க, நான் விடல."

டீ வாங்கிக் கொடுத்தேன். கன்சோலைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பு மட்டும்தான். நெயில் பாலிஷ் பொட்டு அப்படியே இருந்தது.

11 மே, ஞாயிறு

பகலில் வண்டிக்குள் இருக்கும் சூட்டை நினைத்து இரண்டு போல்ட்டில் நட்டை எடுத்துவிட்டுக் கையால் திருகும் விங் நட் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் கன்சோலைக் கழற்றி உள்ளே கொண்டுபோக அரை நிமிஷம். சேனல் காலியாக இருந்தால் கடகடவென்று சத்தம் போடுகிறது, பழைய பனியன் துணியைச் செருகி வைத்திருக்கிறேன்.

நாளைக்கு மறுபடி ஈரோடு. கன்ட்ரோலர் வயர் இரண்டும் கதவில் சிக்குகின்றன. ராத்திரிக்குள் சீட்டின் ஓரத்தில் இரண்டு கொக்கி அடிக்க வேண்டும்.