கார்டு இல்லாத கேமிங் பெட்டி: பங்குனி முதல் ஐப்பசி வரை

நெல்லை வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ கம்ப்யூட்டர் கடை வாசலில் கண்ணாடிக் கதவும் நாலு கலர் ஃபேனுமாக ஒரு பெட்டி மினுங்கிக்கொண்டிருக்கும். சீட்டில் ‘கேமிங் பிசி’ என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ‘கிராபிக்ஸ் கார்டு தனி’. கார்டு இல்லாமல் பெட்டியை மட்டும் வாங்குவதில் தப்பில்லை. பணம் சேர்ந்ததும் கார்டு போட்டுக்கிடலாம். ஆனால் காசு போக வேண்டியது கண்ணாடிக்கும் விளக்குக்கும் அல்ல, பின்னால் வரப்போகும் கார்டுக்கான இடத்துக்கு. அது இருக்கிறதா இல்லையா என்பதை பிராசசர் பெயரின் வாலும், எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்கு மின்சாரம் தரும் சப்ளை) லேபிளும், போர்டின் ஸ்லாட்டும் சொல்லிவிடும்.

இந்தக் குறிப்பில் வரும் பெட்டி: ரைசன் 5 5600ஜி, ஏ520 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒரே ஸ்டிக், 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ‘450 வாட்’ எஸ்எம்பிஎஸ், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினட்.

பங்குனி: கடையில்

இன்டெலில் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் படம் காட்டும் பகுதி உள்ளே கிடையாது. 12400இல் உண்டு, 12400எஃப்பில் இல்லை. ஏஎம்டியின் ஏஎம்4 (பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் பெயர்) வரிசையில் கணக்கு தலைகீழ்: வாலில் ‘ஜி’ (ஜி, ஜிஇ, ஜிடி) இருந்தால்தான் படம் வரும். 5500, 5600, 5600எக்ஸ் மூன்றிலும் வராது. ஏஎம்5 வரிசையின் 7600, 9600எக்ஸ் போன்றவற்றில் சின்னதாக ஒன்று உண்டு. டெஸ்க்டாப் தெரியும், யூடியூப் ஓடும், கேமுக்கு ஆகாது. அதே வரிசையில் 8600ஜி, 8700ஜி இரண்டும்தான் கார்டு இல்லாமலே நன்றாக ஓடுகிற ரகம். 8400எஃப்பில் ஒன்றுமே இல்லை.

போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. பிராசசரில் படப் பகுதி இல்லையென்றால் அது வெறும் ஓட்டை. எஃப் ரகம் விலை குறைவு என்பதால் இப்படிப்பட்ட பெட்டிகளில் அதைப் போட்டுவிடுவதுண்டு. வீட்டில் வந்து மாட்டினால் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், மானிட்டரில் ‘நோ சிக்னல்’. கடையில் மட்டும் படம் வந்ததே என்றால், அங்கே சோதனைக்கென்று வைத்திருக்கும் கார்டைச் சொருகிக் காட்டியிருப்பார்கள். அதனால் கேபிளை போர்டின் துளையில் மாட்டச் சொல்லி, விண்டோஸ் திறந்து டாஸ்க் மேனேஜர் வரும்வரை பார்த்துவிட்டுத்தான் பணம்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ்.

“அண்ணாச்சி, லேபிளைக் கொஞ்சம் காட்டுங்க.”

“450 வாட்டு தம்பி. எந்தக் கார்டும் ஓடும்லா.”

ஓடாது. 450 என்பது அட்டைமேல் அச்சடித்த எண். பிராசசரும் கார்டும் இழுப்பது 12 வோல்ட் வரியில். லேபிளில் +12வி கட்டத்தில் உள்ள ஆம்பியரை 12ஆல் பெருக்கிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். 18 ஆம்பியர் என்றால் 216 வாட். 36 என்றால் 432. இரண்டின் அட்டையிலும் 450 என்றே இருக்கும். 12வி1, 12வி2 என்று இரண்டு கட்டம் போட்டிருந்தால் இரண்டையும் கூட்டாமல், சேர்த்து எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும் வாட்டை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

5600ஜி முழு வேகத்தில் 88 வாட் வரை இழுக்கும். நடுத்தரக் கார்டான ஆர்எக்ஸ் 6600க்கு 132 வாட். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாவற்றுக்கும் தாராளமாக 50 வைக்கலாம். மொத்தம் 270 வாட், அதாவது 22.5 ஆம்பியர். 18 ஆம்பியர் சப்ளையில் மெனு வரைக்கும் எல்லாம் ஒழுங்காக இருக்கும். சண்டை சூடுபிடிக்கிற நேரம் பார்த்து டப்பென்று அணைந்து மறுபடி எழும். கேம் கெட்டுவிட்டது, விண்டோஸ் கெட்டுவிட்டது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

இந்தப் பெட்டியில் இருந்தது 18 ஆம்பியர் ரகம். வாங்கும்போதே வித்தியாசத்தைக் கொடுத்து 36 ஆம்பியர் உள்ள 80 பிளஸ் ப்ரான்ஸ் (மின் சிக்கனச் சான்று) 450 மாற்றப்பட்டது. இதைப் பிறகு பார்த்துக்கிடலாம் என்று விட்டால் கார்டு வாங்கும் மாதத்தில் இரட்டைச் செலவு. கார்டுக்கு மின்சாரம் கொடுக்கும் 6+2 பின் வயர் சப்ளையிலிருந்தே நேராக வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். மோலெக்ஸ் என்ற பழைய நாலு பின் பிளக்கிலிருந்து 8 பின் ஆக்கும் கன்வெர்ட்டர் உருகிய கதைகள் நிறைய.

பெரிய கம்பெனிகளின் பழைய ஆபீஸ் பெட்டியைத் துடைத்து விளக்கு ஒட்டி விற்பதும் உண்டு. அவற்றின் சப்ளை பெரும்பாலும் 180 முதல் 300 வாட் வரை. போர்டுக்குப் போகும் பிளக்கும் அந்தக் கம்பெனிக்கே உரியது. வெளி எஸ்எம்பிஎஸ் அப்படியே பொருந்தாது. ஒல்லிப் பெட்டியாக இருந்தால் அரை உயரக் கார்டுதான் நுழையும். ஐ5 3470, ஐ7 3770 போன்ற மூன்றாம் தலைமுறைப் பிராசசரில் புது எச்61 போர்டு போட்டு ‘ஐ7 கேமிங்’ என்று வருவதை யோசிக்காமல் விட்டுவிடலாம். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான்.

பில்லில் ‘கேமிங் பிசி ஒன்று’ என்று ஒற்றை வரி கூடாது. ஒவ்வொரு பொருளும் சீரியல் நம்பரோடு தனித்தனியாக, ஜிஎஸ்டியோடு வர வேண்டும். வாரண்டி பொருளுக்குப் பொருள் வேறு. கேபினட் ஸ்க்ரூவில் சீல் ஒட்டிக் கொடுத்தால், ரேமோ கார்டோ நாமே போட்டால் வாரண்டி போகுமா என்று கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதி வாங்குவது நல்லது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து லாரி பார்சலில் வந்தால் உடனே பிளக்கைச் சொருகக் கூடாது. பக்கக் கதவைக் கழற்றி ரேமை எடுத்து மறுபடி சொருகி, கூலரின் நாலு ஸ்க்ரூவையும் தொட்டுப் பார்த்து, 24 பின், 8 பின் பிளக்குகளை அழுத்திவிட்டு அதன்பின் ஆன். படம் வராவிட்டால் போர்டின் ஓரத்தில் உள்ள சின்ன விளக்குகளைப் பார்க்கலாம்: ‘டிராம்’ எரிந்தால் ரேம், ‘விஜிஏ’ எரிந்தால் படப் பகுதி.

சித்திரை: ரேமும் பயாஸும்

கார்டு இல்லாத பெட்டியில் வேகம் முழுக்க ரேமின் கையில். தனிக் கார்டுக்குச் சொந்த மெமரி உண்டு. உள் கிராபிக்ஸ் பிராசசரோடு சேர்ந்து ஒரே ரேமில் பந்தி போட்டுச் சாப்பிடுகிறது. டிடிஆர்4 3200 ஒரு ஸ்டிக் நொடிக்குத் தருவது 25.6 ஜிபி. இரண்டு ஸ்டிக் இரண்டு சேனலில் இருந்தால் 51.2. ஆரம்பநிலைக் கார்டான ஜிடிஎக்ஸ் 1650இன் மெமரி தருவது 128. ஒற்றை ஸ்டிக்கோடு 5600ஜியை ஓட்டுவது எட்டு வழிச் சாலையில் ஒரே டோல் கவுண்டரைத் திறந்து வைத்த மாதிரி.

டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் முதல் நாள் தெரிந்தவை: ஸ்லாட் 2இல் 1, வேகம் 2400. வேகத்தை 3200 ஆக்க பயாஸுக்குள் (விண்டோஸ் வருமுன் திறக்கும் போர்டின் செட்டிங் பக்கம்) போய் எக்ஸ்எம்பியை (ரேமை அதற்குச் சொன்ன வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்தாலே போதும். சில போர்டில் அதன் பெயர் டிஓசிபி. கடையில் யாரும் இதைத் தொடுவதே இல்லை. ஆன் செய்தபின் படம் வராமல் போனால் பயப்பட வேண்டாம்: போர்டு இரண்டு மூன்று தடவை முயன்று தானே பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் பிளக்கைப் பிடுங்கி, சிஆர்2032 வட்டப் பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றிவைத்துப் போடலாம்.

இரண்டாவது 8 ஜிபி ஸ்டிக் அதே கம்பெனி, அதே வேகம், அதே சிஎல் (ரேமின் தாமத) எண். நாலு ஸ்லாட் போர்டாக இருந்தால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் சொருகினால் 16 ஜிபி காட்டும், சேனல் ஒன்றுதான். சிபியு இசட் என்ற மென்பொருளில் மெமரி பக்கத்தைத் திறந்தால் சேனல் விவரம் தெரியும். 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியதிலிருந்து கடைகள் ஒற்றை ஸ்டிக்கில் நிறுத்திக்கொள்வது அதிகமாகிவிட்டது. பட்ஜெட் இடித்தால் எஸ்எஸ்டியைச் சின்னதாக்கலாம், கலர் ஃபேனை விடலாம். இரண்டாவது ஸ்டிக்கை விடக் கூடாது.

அடுத்து யுஎம்ஏ ஃபிரேம் பஃபர், அதாவது உள் கிராபிக்ஸுக்கென்று ரேமில் ஒதுக்கிவைக்கும் பங்கு. ஏஎம்டி சிபிஎஸ், என்பிஐஓ, ஜிஎஃப்எக்ஸ் கான்ஃபிகரேஷன் என்று பயாஸில் உள்ளே போனால் கிடைக்கும். 16 ஜிபி இருந்தால் 2 ஜிபி ஒதுக்கலாம். 4 கொடுத்தால் இரட்டை வேகம் வரும் என்பது வெறும் நம்பிக்கை. தேவைப்படும்போது விண்டோஸ் ரேமிலிருந்து தானே எடுத்துக்கொடுக்கும். 2 ஜிபி ஒதுக்குவது, குறைந்தபட்ச மெமரி கேட்டு அடம்பிடிக்கும் கேம்களைத் திறக்க வைக்கத்தான். மொத்தமே 8 ஜிபி உள்ள பெட்டியில் 2 கொடுத்தால் விண்டோஸ் மூச்சுத்திணறும்.

இவ்வளவும் செய்தபின் வேலரன்ட் 1080பியில் லோ செட்டிங்கில் நொடிக்கு 100 ஃபிரேமைத் தாண்டுகிறது. ஜிடிஏ 5 நார்மலில் 60ஐ ஒட்டி ஓடுகிறது. சமீபத்திய பெரிய கேம்களுக்கு 720பிக்கு இறங்கி எஃப்எஸ்ஆரை (சின்னப் படத்தைப் பெரிதாக்கி வேகம் கூட்டும் ஏஎம்டி வசதி) ஆன் செய்தால் 30 கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஒற்றை ஸ்டிக்கில் சராசரி குறைந்ததைவிட, திருப்பத்துக்குத் திருப்பம் விக்கி விக்கி நின்றதுதான் பெரிய தொல்லை.

வேலரன்ட் விண்டோஸ் 11இல் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் பயாஸில் ஆனில் இருக்க வேண்டும். செக்யூர் பூட்டுக்கு சிஎஸ்எம்மை (பழைய முறையில் பூட் ஆக விடும் செட்டிங்) அணைக்க வேண்டும். கடையில் டிஸ்க்கைப் பழைய எம்பிஆர் முறையில் பிரித்து விண்டோஸ் ஏற்றியிருந்தால் சிஎஸ்எம்மை அணைத்ததும் பூட்டே ஆகாது. சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பயாஸ் மோடு ‘லெகசி’ என்றிருந்தால் முதலில் டிஸ்க்கைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றிவிட்டுத்தான் பயாஸில் கை வைக்க வேண்டும்.

ஆடி: காற்றும் தூசியும்

நெல்லையப்பர் ஆனித் தேர் முடிந்தால் காற்றுக்காலம். பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலை சுற்றுகிற அதே காற்று ஜன்னல் வழியாகப் பெட்டிக்குள்ளும் வரும். திசையன்விளைப் பக்கம் தேரி மணல் சிவப்பாகவே கூலரில் படியும். உவரி மாதிரி கடலோர ஊர்களில் உப்புக்காற்று. அங்கே வாரக்கணக்கில் பெட்டியை அணைத்தே வைத்திருப்பது ஓட்டுவதைவிடக் கெடுதல்.

முன்பக்கம் கண்ணாடி போட்ட கேபினட்டில் ஃபேன் மூன்று இருந்தாலும் காற்று நுழைய ஓரத்தில் விரல் அகல இடைவெளியாவது வேண்டும். சோதனை எளிது: கேம் ஓடும்போது வெப்பத்தைக் குறித்துக்கொண்டு, பக்கக் கதவைக் கழற்றிப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும். 5 டிகிரிக்கு மேல் குறைந்தால் கேபினட் மூச்சு முட்டுகிறது. 5600ஜியின் உச்சவரம்பு 95 டிகிரி. மத்தியான வெயிலில் ஏசி இல்லாத அறையில் அதோடு வரும் கூலரை வைத்து ஓட்டினால் சூடு 80ஐத் தாண்டும். கார்டு வந்தபின் அந்தச் சூடும் இதே பெட்டிக்குள்தான்.

முன்னால் இரண்டு உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளித்தள்ள என்று வைத்தால் உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடி, இண்டு இடுக்கில் தூசி நுழைவது குறையும். முன் ஃபேன்களுக்கு நைலான் கொசுவலைத் துண்டை வெட்டி ஒட்டினால் மாதம் ஒருமுறை தட்டிக் கழுவிக்கொள்ளலாம். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளணும். விட்டுவிட்டால் பேரிங் போகும்.

புரட்டாசி: கார்டு

கார்டு பிராசசரோடு பேசும் பாதைக்குப் பெயர் பிசிஐஇ, அதன் தடங்களுக்கு லேன்; 5600ஜி கொடுப்பது பிசிஐஇ 3.0. ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி கார்டுகள் நாலே லேனில் பேசுபவை, 4.0 போர்டுக்கென்று கணக்குப் போட்டவை. 3.0இல் பாதை பாதியாகி, மெமரி நிரம்பும் கேம்களில் வேகம் விழும். எட்டு லேன் உள்ள ஆர்எக்ஸ் 6600க்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. ஏஎம்5இல் 8500ஜி வாங்கியவர்களும் கவனிக்க வேண்டும்: அது கார்டுக்குத் தருவது நாலே லேன். எஸ்எம்பிஎஸ் மாற்ற வழியே இல்லாத பெட்டிக்கு 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி உண்டு. தனி மின் வயர் தேவையில்லாத மாடல்கள் கிடைக்கின்றன. இன்டெலின் ஆர்க் கார்டு என்றால் ரீசைசபிள் பார் (பிராசசர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரேயடியாக எட்டும் வசதி) போர்டில் இருந்தே ஆக வேண்டும்.

செகண்ட்ஸில் ஆர்எக்ஸ் 580 நிறைய வருகிறது. அதில் 2304 கோர் உள்ளதும் உண்டு, 2048 மட்டும் உள்ளதும் உண்டு; விலை சொல்லும்போது எது என்று யாரும் சொல்வதில்லை. பழைய கார்டில் பயாஸை மாற்றி எழுதிப் பெரிய பெயர் சூட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு இசட் மென்பொருளில் பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று வந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

கார்டு போடும் முன் பழைய டிரைவரை டிடியு என்ற நீக்கும் மென்பொருள் மூலம் சேஃப் மோடில் சுத்தமாக எடுத்தாகிவிட்டது. முன் ஃபேனின் தடிமன் 25 மில்லிமீட்டரைக் கழித்துத்தான் கார்டின் நீளம் பார்க்க வேண்டும். கார்டைச் சொருகி ‘க்ளிக்’ கேட்டபின் ஸ்க்ரூ, பிறகு 8 பின் வயர். மானிட்டர் கேபிளைப் பழைய துளையிலேயே விட்டுவிட்டு ‘கார்டு போட்டும் வேகம் வரலியே’ என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். கேபிள் கார்டின் துளைக்கு மாற வேண்டும். கடைசியாக பயாஸில் யுஎம்ஏவை ‘ஆட்டோ’ ஆக்கினால் ஒதுக்கிய 2 ஜிபி ரேமும் திரும்பி வந்துவிடும்.

600 விஏ யுபிஎஸ் தாங்குவது 360 வாட். பெட்டி 270, மானிட்டர் 25 என்று கூட்டினால் தாங்கும், ஆனால் சேவ் செய்து அணைக்கச் சில நிமிடம்தான். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் அதன் பின்னால் உள்ள ஸ்விட்சை ‘யுபிஎஸ்’ பக்கம் தள்ள வேண்டும். அகல வோல்டேஜ் பக்கம் இருந்தால் மாறுகிற இடைவெளியிலேயே பெட்டி அணைந்துவிடும்.

ஐப்பசி: இடி

மழையை நம்பலாம், ஐப்பசி இடியை நம்ப முடியாது. எர்த் இல்லாத பிளக்கில் ஸ்டெபிலைசரும் ஸ்பைக் பஸ்டரும் பேருக்குத்தான்; கேபினட்டைத் தொட்டால் விரல் நுனியில் சுருசுரு என்று இருந்தால் எர்த் இல்லை என்றே அர்த்தம். வானம் மூடுகிறபோதே பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். அதோடு பின்னால் உள்ள லான் (இன்டர்நெட்) வயரையும் கழற்ற வேண்டும். பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற வீடுகளில்தான் காலையில் போர்டின் லான் போர்ட் செத்துக் கிடக்கிறது.