தேயிலைக்கு முன்னால் காப்பி

இலங்கை மலை என்றாலே நமக்குத் தேயிலைதான். ஆனால் அங்கே முதலில் செழித்தது காப்பி. 1820களில் ஆங்கிலேயர் கண்டிப் பக்கம் காட்டை வெட்டித் தோட்டம் போட ஆரம்பித்தார்கள், அப்புறம் ஐம்பது வருஷத்துக்குள் உலகிலேயே அதிகம் காப்பி விளையும் இடங்களில் ஒன்றாகிவிட்டது இலங்கை.

பழம் பறித்தது யார்? நம் ஆட்கள். ராமநாதபுரம், திருச்சி, மதுரைப் பக்கம் பஞ்சத்திலும் கடனிலும் தவித்தவர்கள், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியை நம்பித் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து போனார்கள். பசியிலும் காலராவிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். காப்பி வரலாறு பேசுகிற யாரும் இவர்களை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

1869-ல் இலைத்துரு நோய் வந்தது. இலையைத் திருப்பினால் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி, தொட்டால் விரலில் ஒட்டும், பிறகு இலையெல்லாம் கொட்டி செடி மொட்டையாக நிற்கும். அதை ஆராய 1880-ல் வந்த ஆங்கிலேயத் தாவரவியலாளர் மார்ஷல் வார்டு, இது காற்றில் பரவும் பூஞ்சை என்று காட்டினார். மலை முழுக்க ஒரே பயிர், காற்றை மறிக்க ஒன்றுமில்லை, எப்படித் தப்பும்?

ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டக்காரர் 1867-லேயே தேயிலை நட்டிருந்தார், மற்றவர்களும் அதற்கு மாறினார்கள். காப்பி அறுவடை முடிந்தால் பலர் ஊர் திரும்பலாம். தேயிலைக்கோ வருஷம் பூராவும் கொழுந்து பறிக்க வேண்டும். அப்படித்தான் குடும்பம் குடும்பமாக லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தங்கினார்கள். 1948-ல் இலங்கை அரசு குடியுரிமையை மறுத்தது அவர்கள் வாரிசுகளுக்குத்தான்.