மேடை ஏறும் பெண்களும் மாதவிடாய் நிற்கும் வயதும்: எங்கள் குழுவின் ஏற்பாடுகள்

பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் மாசி, பங்குனியில் நோம்பிக் (ஊர்க் கோயில் திருவிழா) கச்சேரிகள் வரிசைகட்டும். வெயிலும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். நாற்பத்தைந்தை ஒட்டிய பாட்டுக்காரரும் ஆட்டக்காரரும் என்ன செய்ய வேண்டும் என்பதை எங்கள் குழுவில் தை மாதத்திலேயே பேசி முடித்துவிடுவோம்.

முதலில் ஒரு நோட்டு. மாதவிடாய்த் தேதி, எவ்வளவு ரத்தப்போக்கு, உடம்பு திடீரென்று கொதிக்கும் நேரம், தூக்கம் கெட்ட இரவு, குரல் எந்த ஸ்வரத்தில் உடைகிறது என்று இரண்டு மூன்று மாதம் குறித்து டாக்டரிடம் கொண்டு போங்கள். 45 தாண்டியவருக்கு ஹார்மோன் ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் தேவைப்படாது. ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்க வேண்டும், அவையும் இதே களைப்பையும் படபடப்பையும் தரும். 40க்கு முன்பே நின்றால் பரிசோதனை அவசியம். 12 மாதம் நின்றபின் ஒரு துளி ரத்தம் பட்டாலும் உடனே போய்க் காட்டுங்கள், சீசன் முடியட்டும் என்று தள்ளாதீர்கள்.

பாடுகிறவர்கள் தொழிலை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. டெஸ்டோஸ்டிரோன், டானசால் போன்ற மருந்துகள் குரலைக் கனக்கவைக்கும். நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாமல் போகலாம். மாதவிடாய் நிற்கும்போது வரும் தொல்லைகளுக்குத் தரும் ஹார்மோன் சிகிச்சையில் கர்ப்பப்பை இருப்பவருக்கு ஈஸ்ட்ரோஜெனோடு புரோஜெஸ்டிரோனும் சேரும். மார்பகப் புற்றோ ரத்தக்கட்டோ வந்தவருக்குப் பொதுவாகத் தருவதில்லை. அதனால் பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரை வேண்டவே வேண்டாம்.

சுருதிதான் பெரிய வழக்கு. ஐந்தரைக் கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) பாடியவர் ஐந்துக்கோ நாலரைக்கோ இறங்குவதில் மானக்கேடு ஒன்றுமில்லை. குரல்நாண் வறண்டு, லேசாக வீங்கியிருக்கும்போது தாரஸ்தாயியை (மேல் ஸ்தாயி) அழுத்திப் பிடித்தால் குரல்நாணில் முடிச்சு விழலாம். ஆனால் மேடையில் உட்கார்ந்தபின் இறக்காதீர்கள். சுருதிப்பெட்டியைத் திருகிவிடலாம், புல்லாங்குழல்காரருக்கு வேறு குழல் வேண்டும், மிருதங்கத்தின் வலந்தலையோ (வலப்பக்கத் தோல்) தளர்த்தத் தளர்த்த மந்தமாகிவிடும். ஒத்திகையிலேயே முடிவு செய்யுங்கள். தொண்டையைக் கனைக்காமல் ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் ஈ.என்.டி. டாக்டரிடம் குரல்நாணைக் கேமராவில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆடுகிறவர்களுக்கு உருப்படி வரிசைதான் (எந்த ஆட்டத்துக்குப் பின் எது என்பது) மருந்து. கொதிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் தணியும். ஆகவே நீளமான, கடினமான உருப்படியான வர்ணம் முடிந்ததும் பாடகருக்கு ஏழெட்டு நிமிடத் தனிப்பாட்டு, அடுத்து அபிநயத்துக்கு ஒரு பதம், கடைசியில் துள்ளலான தில்லானா. ரவிக்கைக்கு உள்துணி மல் (மெல்லிய பருத்தி) துணியாகவே இருக்கட்டும், பாலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. மின்விசிறியைத் திரைமறைவில், மைக்கில் காற்றடிக்காத பக்கம் வையுங்கள்.

சிமெண்ட் மேடையில் கம்பளம் விரிப்பது கண்துடைப்பு, தட்டடவின் (பாதத்தைத் தரையில் தட்டும் அடவு) அடி நேரே முழங்காலில் இறங்கும். மரச்சட்டத்தின் மேல் 18 மி.மீ. பிளைவுட் கேளுங்கள். மாதவிடாய் நின்ற முதல் சில வருடங்களில் எலும்பு வேகமாகத் தேயும். நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 200 மில்லி பாலில் சுமார் 240, 100 கிராம் ராகியில் சுமார் 350 கிடைக்கும். கால்சியம் மாத்திரையை இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு சரியாக உடம்பில் சேராது.

நிற்பதற்கு முந்தைய வருடங்களில் ரத்தப்போக்கு சொல்லாமல் கொள்ளாமல் கொட்டும். அரக்கு, கரும்பச்சை உடை ஒன்று மாற்றுக்கு இருக்கட்டும். அட்வான்ஸ் வாங்கும்போதே, தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை மேடைக்குப் பக்கத்தில் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சாக விட்டால், கமிட்டிக்காரர் அன்றைக்குக் கோயில் பின்னாலிருக்கும் தென்னந்தோப்பைக் கைகாட்டுவார்.