காய்ந்தபோது காட்டிக்கொடுத்த பாசி

ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிறு. புதுச்சேரியிலிருந்து ஈசிஆர் வழியாகக் கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயில்காட்டுக்குப் போயிருந்தேன். மரநிழலில் பாதி புதைந்து கிடந்த பழைய செங்கல் மேல் மெத்தை மெத்தையாகப் பாசி. குளத்துப் பாசி இல்லை, தண்டும் இலையும் உள்ள மாஸ். நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே பேர்தான். பூசாரி ஐயாவிடம் கேட்டுவிட்டு, நகக்கண் அளவு மட்டும் காகிதப் பொட்டலத்தில் மடித்து எடுத்துக்கொண்டேன். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் அடைந்து பூஞ்சை பிடித்துவிடும்.

இது எந்த வகைப் பாசி என்று கண்டுபிடிக்க, வீட்டில் 10 மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஃபிசிடென்ஸ் என்ற வகை என்றால் இலைகள் கோழி இறகு போல இரண்டே வரிசையில் தட்டையாக நிற்கும். இதில் தண்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் இலை. பிரையம் என்ற வகை என்றால் வித்துப்பை, அதாவது தூள் போன்ற வித்துகள் இருக்கும் பை, பெரும்பாலும் தலைகுனிந்து தொங்கும். இதில் இருந்த ஒன்றிரண்டும் நெட்டுக்குத்தாக, மெல்லிய உருளை போல நின்றன. சரி, இரண்டும் இல்லை. அதற்குமேல் நகர முடியவில்லை.

மூன்றாம் நாள் பொட்டலத்தைப் பிரித்தால் எல்லாம் சுருங்கிப் பழுப்பேறிக் கிடந்தது. "காஞ்சு போச்சேப்பா, தூக்கிப் போடு" என்றார் அம்மா. லென்ஸை வைத்தேன். ஒவ்வொரு இலையும் இரண்டு ஓரத்திலிருந்தும் உள்பக்கமாக, பாய் சுருட்டிய மாதிரி சுருண்டிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சுருள் பிரிந்து, இலை நாக்கு வடிவில் விரிந்து, பச்சை திரும்பியது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இன்னொரு முறை விடச் சொன்னார்.

சுவர்களில் வளரும் பார்புலாவுக்கு இலை ஓரம் பின்பக்கமாக மடியும். இது அதற்கு நேரெதிர். அப்புறம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததெல்லாம் ஒரே பேரைத்தான் காட்டியது: நடுநரம்பு நுனிவரை ஓடுகிறது, நுனியருகே ஓரத்தில் சில பற்கள், இலைக்கக்கத்தில் கூர்முனைகளோடு சின்னச் சின்ன இனப்பெருக்க மொட்டுகள். மூடி கழன்ற ஒரு வித்துப்பையின் வாயில், பல பாசிகளுக்கு இருக்கும் பல் போன்ற வரிசையே இல்லை. இதன் பேர் ஹையோஃபிலா இன்வொலூட்டா. இன்வொலூட்டா என்றால் உள்நோக்கிச் சுருண்டது என்றே பொருள். ஈரமாக இருக்கும்போது மட்டும் பார்த்திருந்தால் இந்தப் பேருக்கு வந்திருக்கவே மாட்டேன்.

இப்போது எங்கள் துவைக்கிற கல் பக்கத்துச் சுவரிலும் இதையே பார்க்கிறேன். கோயில்காட்டில் ஒரு மரப்பட்டையில் வேறொன்று இருந்தது, இலை நுனியில் பச்சைக் கொத்து வைத்துக்கொண்டு. காலிம்பெரஸாக இருக்கலாம். அடுத்த ஞாயிறு அதைப் பார்க்க வேண்டும்.