ட்வின் பிளாக்: முதல் பத்து நாளும் மீதி மாதங்களும்

எத்துப்பல் என்று அழைத்து வரப்படும் பிள்ளைகள் பலருக்குக் குறை மேல்பல்லில் இல்லை, கீழ்த்தாடை பின்தங்கியிருக்கிறது. இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். பிள்ளை கீழ்த்தாடையை முன்னுக்கு நீட்டி முன்பற்களின் நுனிகளை ஒட்டவைக்கும்போது பக்கவாட்டு முகம் திருத்தமாகத் தெரிந்தால், தாடையை முன்னே கொண்டுவரும் ‘ட்வின் பிளாக்’ என்ற கழற்றி மாட்டும் கிளிப் பொருந்த வாய்ப்புண்டு. பெண் பிள்ளைக்குச் சுமார் 10 முதல் 12, ஆண் பிள்ளைக்கு 12 முதல் 14 வயது தோதான காலம். ஆனால் வயதைவிட, உயரம் மளமளவென்று ஏறும் காலமா என்பதே முக்கியம்.

அளவெடுப்பில் உயிரான வேலை மெழுகுக் கடி, அதாவது தாடையை முன்னே நீட்டி மெழுகைக் கடிக்கவைத்து எடுக்கும் அச்சு. தாடையை எவ்வளவு முன்னே பிடிக்க வேண்டும் என்பதை அந்த மெழுகுதான் கிளிப் செய்யும் லேபுக்குச் சொல்கிறது. பிள்ளையைக் கண்ணாடி முன் உட்காரவைத்து நாலைந்து முறை பழக்கிவிட்டு எடுப்பது நல்லது. தாடை கொஞ்சம் பக்கவாட்டில் நழுவினாலும், கிளிப் மாதக்கணக்கில் அந்தக் கோணலையே பிடித்துக்கொண்டிருக்கும். கிளிப்பில் பற்கள் கடிக்கும் மேடான பகுதிதான் பிளாக். கடைவாய்ப் பக்கம் அதன் கனம் 5, 6 மி.மீ. இருக்க வேண்டும். மெலிந்துபோனால் தூக்கத்தில் வாய் லேசாகத் திறந்ததும் தாடை பின்னால் வழுக்கிவிடும்.

மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு அக்ரிலிக் பிளேட். கடிக்கும்போது சுமார் 70 பாகைச் சரிவில் இரண்டும் ஒன்றோடொன்று மோதி, கீழ்த்தாடையை முன்னே தள்ளி நிறுத்தும். 1977-இல் ஸ்காட்லாந்தில் வில்லியம் கிளார்க் இதை முதலில் செய்தது, அடிபட்டுக் கழன்ற முன்பல்லைத் திரும்பப் பொருத்தியிருந்த ஒரு சிறுவனுக்காக. கீழுதடு பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு அதைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

முதல் பத்து நாள்தான் சோதனை. எச்சில் ஊறும், பேச்சு குழறும், காலையில் தாடை வலிக்கும். தினமும் கால் மணி நேரம் சத்தமாக வாசிக்கவைத்தால் நாக்கு சீக்கிரம் வழிக்கு வரும். முதல் சில நாள் சாப்பிடும்போது கழற்றலாம், பிறகு போட்டுக்கொண்டே சாப்பிடப் பழக வேண்டும். ‘சாப்பாட்டுக்கு மட்டும்’ என்று கழற்றியது மேசையிலேயே தங்கிவிடும். எங்காவது ஈறு புண்ணானால் வீட்டில் எதையும் சுரண்டக் கூடாது. மருத்துவரிடம் போவதற்கு முந்தைய நாள் முழுதும் போட்டிருந்தால், ஈறு சிவந்த இடத்தைப் பார்த்து, பிளேட்டில் அங்கே படும் பகுதியை மட்டும் தேய்ப்பார்.

கீழ்த்தாடை முன்னே வரும்போது அதன் அகலமான பகுதி மேல்தாடையின் குறுகிய பகுதியைச் சந்திக்கிறது. அதற்காகத்தான் மேல் பிளேட்டின் நடுவில், மேல்தாடையை அகலப்படுத்தும் ஸ்க்ரூ. பெரும்பாலும் வாரம் ஒருமுறை கால் சுற்று, ஏறத்தாழ கால் மி.மீ. பிளேட்டை வெளியே எடுத்து, ஸ்க்ரூவின் துளையில் சாவியைச் செருகி, அடுத்த துளை முழுசாகத் தெரியும்வரை அம்புக்குறிப் பக்கம் தள்ளி, சாவியைத் திருப்பாமல் உருவ வேண்டும். சில நாள் போடாமல் விட்டுத் திரும்பப் போட்டால் பிளேட் இறங்காது. அப்போது மேற்கொண்டு திருகாமல் மருத்துவரைக் கேட்பதே சரி.

ஒழுங்காகப் போட்டால், மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் முன்பின்னாக உள்ள இடைவெளி மாதத்துக்குச் சுமார் 1 மி.மீ. குறையும். அளக்கும்போது தாடையை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளி அளக்க வேண்டும். பழக்கத்தில் பிள்ளையே தாடையை முன்னே நீட்டி நிற்பதால், இல்லாத முன்னேற்றம் தெரியும். இரண்டாவது மாதமும் பேச்சு குழறுகிறது, பிளாக்கில் கடித்த தடமே இல்லை என்றால் கிளிப் டப்பாவில்தான் வாழ்கிறது.

உடைவது பெரும்பாலும் கம்பிக் கொக்கி. நாக்கால் தட்டித் தட்டி விளையாடுவதும், ஒரு பக்கமாக இழுத்துக் கழற்றுவதுமே காரணம். இரு பக்கமும் ஒருசேர இறக்க வேண்டும். வெந்நீரில் கழுவினால் அக்ரிலிக் வளையும். டிஷ்யூவில் சுற்றி வைத்தது குப்பைக்குப் போகும். வீட்டில் நாய் இருந்தால் அதுவும் விடாது.

ஆறு முதல் ஒன்பது மாதத்தில் முன்பற்கள் சேர்ந்ததும், கடைவாயில் இரு பக்கமும் மேல், கீழ்ப் பற்கள் ஒட்டாமல் திறந்து கிடக்கும். பெற்றோர் பதறும் கட்டம் இது. மேல் பிளாக்கை ஒவ்வொரு வருகையிலும் 1, 2 மி.மீ. தேய்த்துக்கொண்டே வந்தால் கீழ்க் கடைவாய்ப் பற்கள் எழும்பி அந்த இடத்தை நிரப்பும். பிறகும் சில மாதம் பிடித்துவைக்க ஒரு பிளேட் உண்டு. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது: குறைந்த இடைவெளியில் பெரும்பங்கு பற்கள் சாய்ந்ததால் வந்தது, தாடை நீண்டதால் வந்தது சிறுபங்கு. கீழ் முன்பற்கள் எவ்வளவு முன்னே சாய்ந்துவிட்டன என்று பார்க்கத்தான், பல்லில் ஒட்டிவைக்கும் கம்பி (பிரேசஸ்) கட்டுமுன் பக்கவாட்டு எக்ஸ்ரே மறுபடி எடுக்கிறார்கள்.