சுவர் எழுப்பாமலே 'அபிவிருத்தி' செய்த கதை

மட்டக்களப்புக் கல்லடியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் எங்கட வீடு. 14 பேர்ச் வளவு. பின்பக்கத்து இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடலாமென்று கட்டில், மெத்தை எல்லாம் வாங்கிவிட்டோம். பெயர்ப்பலகை வைப்பதைப் பற்றிக் கேட்கத்தான் உள்ளூராட்சி மன்றத்துக்குப் போனேன்.

"அனுமதி எடுத்தாச்சா?" என்று அங்கிருந்த உத்தியோகத்தர் கேட்டார்.

"வீடு கட்டக்குள்ள எடுத்தது கிடக்கு சேர். இப்ப ஒரு கல்லும் புதுசா வைக்கல்ல."

"கல்லு வைக்காட்டியும் பாவனை மாறுதே."

அவர் சொன்னது சரிதான். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் 'அபிவிருத்தி' என்பதற்குள் காணி துண்டாடுவதையும் கட்டடம் எழுப்புவதையும் மட்டுமல்ல, பாவனையை மாற்றுவதையும் அடக்கியிருக்கிறது. பயிர்ச்செய்கைக்கு விலக்கு உண்டு. வீட்டு வளவுக்குள் வீட்டாரின் தேவைக்குச் செய்வதும், புதுப் பிளான் தேவைப்படும் கட்டட வேலை இல்லாதவரை, விலக்குத்தான். மாமி முற்றத்தில் கத்தரி வைத்தால் கேள்வியில்லை. அறைக்குக் காசு வாங்கினால் கேள்வி வரும்.

விண்ணப்பத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன். லிகிதர் காணி உறுதியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குத்தானே? இது மனிசிட சீதன வீடு. 11 வருசம் இருந்தும் காகிதத்தில் நான் விருந்தாளி. அடுத்த நாள் அவ வந்து கையெழுத்து வைத்தா.

நில அளவைப் படம், பிளான், வாகனம் நிறுத்த இடம்: இதெல்லாம் அலைச்சல்தான், தலையிடி இல்லை. தலையிடி கிணற்றடியில் இருந்தது. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) டேப்பைப் பிடித்துக் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் அளந்தார். 34 அடி. "மணல் தரை தம்பி. நாலு பேருக்கே இது காணாது, நீங்க எட்டுப் பேரக் கொண்டுவரப் போறீங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் யோசித்தேன், அந்தத் தண்ணியைத்தானே இத்தனை வருசமாகப் பிள்ளைகளும் குடிக்கிறார்கள்.

வளவின் மறுகரையில் புதுக்குழி என்று முடிவானது. அங்கேதான் கதை நீண்டது. கரையோர வலயம் கடலின் சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர். எங்கட வளவு அதற்குள். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தில் 'அபிவிருத்தி' என்றால் கரையோரத்தின் இயற்கை அமைப்பை மாற்றக்கூடிய வேலை. அறையை வாடகைக்கு விடுவது அதில் சேராது, குழி வெட்டுவது சேரும். ஒரே சொல், இரண்டு கந்தோர், இரண்டு பொருள். அந்த அனுமதிக்கும் தனியாக ஒரு கோப்புத் திறந்தோம்.

எங்கட பிழை ஒன்றுதான். பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதி என்று ஒன்று இருக்கிறது. இந்தக் காணியில் இன்னது செய்யலாமா, என்ன நிபந்தனை என்று முதலே எழுத்தில் கேட்டுக்கொள்ளலாம். நாங்கள் கட்டில் வாங்கிய பிறகு கேட்டோம்.

அபிவிருத்தி அனுமதிப் பத்திரம் கிடைத்து, குழி வேலையும் முடிந்தது. இனி, வேலை அனுமதிப்படி நடந்திருக்கிறது என்ற இணக்கச் சான்றிதழ் வரவேண்டும். அது வராமல் ஆளை ஏற்றக்கூடாது என்பதால் மெத்தைகள் பொலித்தீன் உறையோடே கிடக்கின்றன. ஒன்றை மட்டும் உரித்தாயிற்று. அதில் படுத்திருப்பது வாழைச்சேனையிலிருந்து வந்த மனிசிட சித்தப்பா. அவரிடம் காசு வாங்கவில்லை, ஆகவே பாவனை மாறவில்லை.